கொடியை விழுங்கிய சிவப்புக் கண்ணாடி

விஸ்டின் புவாஜாருக்கு வலது கண் பிறவியிலேயே மந்தம். துப்பாக்கி தூக்காத ஆணை ஆண் கணக்கிலேயே சேர்க்காத எங்கள் தீவின் சிஜ்ஜீவி ஊரில் அது லேசுப்பட்ட குறை இல்லை. ஏழெட்டு வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கிய கையோடு அப்பனின் துப்பாக்கிக் குழலுக்கு எண்ணெய் போடக் கற்றுக்கொள்கிற ஊர் இது. விஸ்டினும் கற்றுக்கொண்டான். பதினாறு வயதில் ஊருக்குத் தெற்கே இருக்கும் திடலுக்குப் போனான். குறிக்காகப் பறக்கவிட்ட இருபத்தைந்து மண் தட்டில் நான்கைச் சுட்டு உடைத்தான்.

"அந்த நாலும் உன்மேல பரிதாபப்பட்டுத் தானா உடைஞ்சுதுடா," என்றார் கார்மனு. அவர்தான் திடலில் எறிபொறிக்குத் தட்டு வைப்பவர். எல்லோரும் சிரித்தார்கள். விஸ்டினும் சிரித்தான், வேறென்ன செய்வான்? அதோடு துப்பாக்கியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டான்.

பிழைப்புக்கு ஹம்ரூன் நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்தான். லென்ஸ் தேய்ப்பான், பிரேமில் ஏற்றுவான், வெயில் கண்ணாடி கேட்பவர்களுக்கு லென்ஸைச் சுடுசாயத்தில் முக்கி நிறம் ஏற்றிக் கொடுப்பான். அந்தச் சாயம்தான் அவனுக்கு வாழ்வு கொடுத்தது. தம்பி ஒருநாள், தட்டு வானத்தோடு கலந்துபோய்க் கண்ணுக்கே படவில்லை என்று புலம்பினான். விஸ்டின் வீட்டு அடுப்பில் மஞ்சள் சாயம் காய்ச்சி ஒரு ஜோடி முக்கிக் கொடுத்தான். அடுத்த ஞாயிறு தம்பி இருபத்துமூன்று உடைத்தான். திங்கட்கிழமை சாயங்காலம் விஸ்டின் வீட்டு வாசலில் ஆறு பேர் நின்றார்கள்.

"என் சூப் பானையில கண்ணாடி வேகுது, நாங்க ரொட்டியையும் தக்காளியையும் தின்னுட்டுப் படுக்கணும்," என்று அவன் மனைவி விட்டோரினா கத்துவாள். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, ஊரின் பெரிய துப்பாக்கிக்காரர்கள் எல்லாம் தன் புருஷன் தோளில் கைபோட்டு, "இன்னைக்கு என்ன போடலாம் விஸ்டின்?" என்று கேட்பதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்துபோகும். அதை மறைக்கவும் தெரியாது அவளுக்கு.

பதினைந்து வருஷம் அப்படி ஓடியது. சுடுகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். விஸ்டின் அவர்களுக்குப் பின்னால், மடியில் லென்ஸ் பெட்டியோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். கையை நீட்டி, உள்ளங்கையில் விழும் வெளிச்சத்தைப் பார்ப்பான். உச்சி வெயிலென்றால் பழுப்பு. மேகம் மூடினால் மஞ்சள். சரிவில் மழைக்காலப் புல் பச்சையாக நிற்கும்போது, அதன் முன்னால் ஆரஞ்சுத் தட்டு பறந்தால் சிவப்பு. சிவப்பு பச்சையைக் கறுப்பாக்கிவிடும், தட்டு மட்டும் தனியாகத் தெரியும். ஒரு மேகம் வந்ததும் அவசரப்பட்டுக் கண்ணாடியைக் கழற்றுகிறவனை, "இரு, மாத்தாதே, ரெண்டு நிமிஷத்துல கலைஞ்சிடும்," என்று தடுப்பான். இரண்டு நிமிஷத்தில் கலைந்தும்விடும். விஸ்டின் சொன்ன வெளிச்சம் தப்பியதில்லை என்று ஊர் சொன்னது. சுடத் தெரியாதவனுக்குத் திடலில் கிடைத்த ஒரே மரியாதை அது. அதை அவன் உயிராக வைத்திருந்தான்.

திடலில் இன்னொரு வழக்கமும் உண்டு. சுடுகிறவர்களுக்குப் பதினைந்து தப்படி முன்னால் எங்கள் வெள்ளைக் கல்லில் கட்டிய தாழ்ந்த கூண்டு இருக்கிறது. கார்மனு அதற்குள் உட்கார்ந்துதான் பொறியில் தட்டு வைப்பார். எதற்காகவாவது வெளியே வர வேண்டுமென்றால், கூண்டின் சுவரில் இருக்கும் ஓட்டையில் சிவப்புக் கொடியைச் செருகிவிட்டுத்தான் வருவார். சுடுகிறவன் கொடி இல்லை என்று பார்த்துக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டதும் பின்னால் நிற்பவன் கம்பியை இழுப்பான், தட்டு பறக்கும். குரல் கொடுத்தவனே கொடிக்குப் பொறுப்பு. இழுக்கிறவனுக்கு அதில் கேள்வியே இல்லை. எங்கள் அப்பன்கள் காலத்திலிருந்து இதுதான் சட்டம்.

எண்பத்து நாலாம் வருஷம் மார்ச் மாதம், முதல் சனிக்கிழமை. மறுநாள் சிசிலியிலிருந்து வருகிற அணியோடு போட்டி. எல்லோரும் பயிற்சி முடித்துக் கிளம்பிவிட்டார்கள். ரோக்கு மட்டும் இன்னும் ஒரு சுற்று வேண்டும் என்று நின்றான். கல்குவாரியில் ரம்பம் ஓட்டுகிறவன், ஊரிலேயே நல்ல குறிக்காரன், விஸ்டினின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன். கம்பி இழுக்க விஸ்டின் நின்றான். கூண்டுக்குள் கார்மனு.

காலையிலிருந்தே ஷ்லொக் அடித்துக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும் காற்று. நாலு மணிக்கெல்லாம் வானம் பால் அதிகமாக ஊற்றிய தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. எதற்கும் நிழல் இல்லை. விஸ்டின் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தான்.

"என்னடா போடலாம்? மஞ்சளா?"

"வெளிச்சமே மஞ்சளா இருக்கு, அதுக்கு மேல மஞ்சளா? இந்தா, இதைப் போடு. புதுச் சிவப்பு. ரெண்டு தரம் முக்கியிருக்கேன்."

ரோக்கு போட்டுக்கொண்டான். "கசாப்புக் கடைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குடா."

"உனக்குக் கடை முக்கியமா, தட்டு முக்கியமா? ஒண்ணு சுட்டுப் பாரு."

ஒன்று சுட்டான். தட்டு தூளானது. "அடப்பாவி, கைக்கு எட்டுற தூரத்துல வர்ற மாதிரி இருக்கு. நாளைக்கு எல்லாருக்கும் இதையே குடு. சிசிலிக்காரன் அழுதுகிட்டே கப்பல் ஏறட்டும்."

விஸ்டினுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. அதே சாயத்தில் முக்கிய இன்னொரு ஜோடியைத் தானும் மாட்டிக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று பார்த்தபடியே கம்பியைப் பிடித்தான். பதினொன்று பறந்தது, பதினொன்றும் உடைந்தது. பன்னிரண்டாவதுக்கு ரோக்கு கூண்டைப் பார்த்தான். பார்த்தான் என்பதை விஸ்டின் பார்த்தான். ரோக்கு குரல் கொடுத்தான். விஸ்டின் இழுத்தான். தட்டு தாழப் பறந்தது, துப்பாக்கி வெடித்தது, கூண்டுக்கு முன்னாலிருந்து ஒரு மனிதக் குரல் எழுந்தது.

சுடுகிறவர்களுக்குத் தெரியாத முன்பக்கத்தில், கூண்டின் வாய்க்கு மேலே தொங்கிய சாக்குத் திரையைக் காற்று பொறிமேல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைச் சுருட்டிக் கட்டக் கார்மனு வெளியே வந்திருக்கிறார். குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்த நேரத்தில், தட்டுக்கு வைத்த வெடியின் ஓரத்து ரவைகள் முகத்தில் ஏறிவிட்டன. ஏழு ரவை. இரண்டு கண்ணும் போயிற்று.

ரோக்கு கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான். விஸ்டின் கம்பியைப் பிடித்தபடியே நின்றான். கூண்டைப் பார்த்தான். கொடி இல்லை. வேர்வை வழிகிறதென்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். கொடி இருந்தது. வெள்ளைச் சுவரின்மேல், காற்றில் விறைத்துக்கொண்டு, பளிச்சென்று இருந்தது. கண்ணாடியை இறக்கினான். கொடி இல்லை. ஏற்றினான். இருந்தது. அங்கே ஒரு மனிதர் மண்ணில் புரண்டு கதறிக்கொண்டிருக்க, இவன் இங்கே நின்று கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான்.

இரண்டு முறை முக்கிய சிவப்பு, பச்சையைக் கொன்றதுபோலவே வெள்ளையையும் சிவப்பாக்கி, சிவப்புச் சுவரின்மேல் சிவப்புக் கொடியைக் கரைத்துவிட்டிருந்தது. பதினைந்து வருஷம் தட்டைப் பற்றியே யோசித்தவன், கொடியைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. கீழே கிடந்த ரோக்குவின் கண்ணாடியை எடுத்தான். தன்னுடையதையும் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்து மூடினான். அப்புறம்தான் ஓடினான்.

போலீஸ் வந்து கேட்டது.

"கொடி இருந்துச்சா?"

"இருந்தது, ஐயா."

"நீ கம்பி இழுக்கிறப்போ பார்த்தியா?"

"குரல் கேட்டா இழுக்கிறதுதான் என் வேலை. கொடி பார்க்கிறது சுடுறவன் வேலை."

இரண்டும் உண்மைதான். கண்ணாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வழக்கு ரோக்குமேல் பாய்ந்தது. அவனோ ஒரே பிடியாக நின்றான். "என் தாய்மேல சத்தியம். நான் பார்த்தேன், கொடி இல்லை. அடிபட்டப்புறம் கிழவர் சுவரைத் தடவி எழுந்திருச்சு, தன்மேல தப்பு வரக்கூடாதுன்னு கொடியைச் செருகியிருக்கார்." கொடிக்கம்பில் ரத்தம் இருந்தது, அதையும் காட்டினான். கார்மனு வலியில் அதைப் பிடித்துக்கொண்ட கையின் ரத்தம் அது. ஆனாலும் ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். மறுபாதி ரோக்குவின் காரின் நாலு டயரையும் கிழித்தார்கள். தவக்கால முதல் வெள்ளியன்று கோயில் வாசலிலேயே கார்மனுவின் மனைவியும் ரோக்குவின் அம்மாவும் ஒருத்தி முக்காட்டை ஒருத்தி பிடித்து இழுத்தார்கள். உண்மை பேசிய இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் பொய்யன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருவரும் பொய்யர் இல்லை என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவன் வாயைத் திறந்தால் ரோக்குவுக்குச் சிறை இல்லை, கார்மனுவுக்குப் பழி இல்லை. அந்த ஒருவன் தினமும் ஏழரை மணி பஸ்ஸில் ஹம்ரூன் போய் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்தான். கோழை என்று திட்டத்தான் தோன்றுகிறது. திட்டுகிறவர்கள் அந்த இடத்தில் நின்று பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

கார்மனுவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தான். முகம் முழுக்கக் கட்டு.

"யாரு?"

"விஸ்டின், அண்ணே."

கிழவர் கையை நீட்டித் துழாவி அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு போனது போகட்டும்டா. முப்பத்திரண்டு வருஷமாக் கொடி வைக்காம நான் ஒருநாள் வெளிய வந்தது கிடையாது. என்னைப் போய்ப் பொய்யன்னு சொல்றானே. நீ சொல்லு, கொடி இருந்துச்சா இல்லையா?"

"இருந்தது, அண்ணே."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"போதும்டா. அதை மட்டும் கோர்ட்டுல சொல்லு." விஸ்டின் மீதிப் பாதியை, அந்தக் கண்ணாடி விஷயத்தை, சொல்ல வாயெடுத்தான். சிறையை நினைத்தான். அதைவிட, இனி எவனும் தோளில் கைபோட்டு இன்றைக்கு என்ன போடலாம் என்று கேட்க மாட்டான் என்பதை நினைத்தான். வெட்கக்கேடுதான், ஆனால் அதைத்தான் நினைத்தான். எழுந்து வந்துவிட்டான்.

புனித யோசேப்பு திருநாளுக்கு இரண்டு நாள் கழித்து மறுபடி ஷ்லொக் அடித்தது. அதே தேநீர் நிற வானம், நிழலில்லாத அதே சாயங்காலம். விஸ்டின் வயிற்றுவலி என்று கடையிலிருந்து பாதியில் வந்து, தனியாகத் திடலுக்குப் போனான். கொடியைச் செருகினான். பதினைந்து தப்படி நடந்து திரும்பி, கண்ணாடியை மாட்டினான். கொடி இல்லை. தான் நினைத்தது தப்பாக இருந்துவிடாதா என்ற ஆசையில்தான் போயிருந்தான். அரை மணி நேரம் அங்கேயே நின்றான். ஒரு கூப்பிடு தூரத்தில் வீடுகள் இருந்தன. சாட்சிக்குப் பாதிரியாரைக் கூப்பிட்டிருக்கலாம், போலீஸ்காரரைக் கூப்பிட்டிருக்கலாம், தெருவில் போகிற கழுதை வண்டிக்காரரைக் கூப்பிட்டிருந்தால்கூடப் போதும். இருட்டும்வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போனான்.

கடைசியில் விட்டோரினாதான் அவனிடமிருந்து உண்மையைக் கறந்தாள். பெரிய வெள்ளியன்று ரோக்கு அவர்கள் வாசல்வரை வந்து, "பொண்ணுக்கு இந்தத் தடவை ஈஸ்டர் பலகாரம் நான் குடுக்கலாமா, இல்ல உங்களுக்கும் நான் ஆகாதவன் ஆயிட்டேனா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் போனதும் விஸ்டின் சமையலறையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் விடாமல் கேட்கவும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"ஏழு வாரமா என் பக்கத்துல படுத்துத் தூங்கினியே, மனுஷா," என்றாள். "எழுந்திரு. திங்கட்கிழமை போ. உள்ள போட்டா போடட்டும், நான் துணி தைச்சுப் பிள்ளைங்களைப் பார்த்துக்கிறேன்."

ஈஸ்டர் முடிந்ததும் போனான். ரோக்குவின் வக்கீலிடம் சொன்னான், போலீஸிடம் சொன்னான், தலைநகர் வலெட்டாவில் மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னான். இரண்டு சிவப்புக் கண்ணாடியையும் மேஜைமேல் வைத்தான். மாஜிஸ்திரேட் நிதானமான மனிதர். நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று நாள் குறித்தார். குறித்த நாள் மே மாதம் இருபத்திரண்டு, காலை பதினோரு மணி.

அன்றைக்கு வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. புல்லெல்லாம் காய்ந்து சரிவு வெளுத்துக் கிடந்தது. கூண்டுச் சுவரில் கொடியைச் செருகினார்கள். கொடியின் நிழல் சுவரில் கறுப்பாக, கத்தரித்து ஒட்டியதுபோல விழுந்தது. அதைப் பார்த்ததுமே விஸ்டின் உள்ளங்கையை நீட்டி வெளிச்சத்தைப் பார்த்தான்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "நிறம் மங்குது, ஒத்துக்கிறேன். ஆனா நிழல் ஆடுதே. கொடி இருக்குன்னு நல்லாவே தெரியுது."

"ஐயா, இது அந்த வெளிச்சம் இல்லை. அன்னைக்கு ஷ்லொக். நிழலே கிடையாது. மண்ணு பறந்த வெளிச்சத்துல பார்த்தாத்தான் தெரியாது. காத்து அடிக்கிற நாளா பார்த்து, சாயங்காலம் அஞ்சு மணிக்கு…"

"எந்த வெளிச்சம் வேணும்னு ஒரு மனு எழுதிக் குடு, சம்மன் அனுப்பி வரவழைக்கிறேன்," என்றார் மாஜிஸ்திரேட். எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டார். "காத்து எப்ப வரும்னு உனக்குத் தெரியுமா? அதுசரி, மார்ச்சுக்கு அப்புறம் அப்படிக் காத்து வரவே இல்லையா?"

விஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான். "வந்தது, ஐயா."

"அப்போ எங்க இருந்தே?"

விஸ்டின் ரோக்கு நின்ற பக்கம் திரும்பினான்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியை ரோக்குவிடம் நீட்டினார். "நீயும் பாரு."

ரோக்கு மாட்டிக்கொண்டான். விஸ்டின் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. தான் சொன்னது பொய்யில்லை, கிழவர் சொன்னதும் பொய்யில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். இப்போது அவன் கூண்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். அந்தத் தெளிவு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோவதை விஸ்டின் பக்கத்திலிருந்து பார்த்தான்.

"தெரியுது," என்றான் ரோக்கு.

"ரோக்கு, அன்னைக்கு நிழல் இல்லைடா…"

"தெரியுதுடா. அப்போ நான் பார்க்கவே இல்லை. பார்த்ததா நெனச்சுக்கிட்டே குரல் குடுத்திருக்கேன்." கண்ணாடியைக் கழற்றி மடக்கி எழுத்தரிடம் கொடுத்தான். "ஐயா, நான் குத்தத்தை ஒத்துக்கிறேன்."

எட்டு மாதம் தீர்ப்பானது. துப்பாக்கி உரிமம் ஆயுளுக்கும் ரத்து. சிறைக்குப் போக மூன்று நாள் அவகாசம் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் ரோக்கு கார்மனுவின் வீட்டுக்குப் போய், கிழவரின் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டான். விஸ்டினும் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றான். "கொடி இருந்துச்சுன்னு சொன்னியே, அது போதும்டா எனக்கு," என்று கிழவர் ரோக்குவின் தலையைத் தடவினார். கிழவரின் மனைவி அழுதுகொண்டே அவனுக்குக் காபி போட்டாள். ஊரும் அன்றைக்கே அடங்கிவிட்டது.

வெளியே வந்ததும் விஸ்டின் அவன் கையைப் பிடித்தான். "ரோக்கு, நீ பார்த்தேடா. நான் என் கண்ணால பார்த்தேன், நீ கூண்டைப் பார்த்துட்டுத்தான் குரல் குடுத்தே. நானும் அதே கண்ணாடியைப் போட்டிருந்தேன். கொடி தெரியலை. சத்தியமாத் தெரியலை. நீ ஏன்டா இப்படி…"

ரோக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவன் உடம்பு தளர்ந்திருந்தது.

"போதும், விஸ்டின். உன் பிழைப்பு போனாலும் பரவாயில்லைன்னு, கண்ணாடிமேல பழியைப் போட்டு எனக்காக இவ்வளவு பெரிய பொய்யைக் கோர்ட்டுல சொன்னியே, கூடப் பிறந்தவன்கூடச் செய்ய மாட்டான்டா," என்றான். "சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அவன் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அம்மா வீட்டில் முயல் கறி ஆக்கியிருப்பாள், சாப்பிட வா என்று கூப்பிட்டான். விஸ்டின் போய்ச் சாப்பிட்டான்.